ஒன்பது மில்லிமீட்டர் இருப்புப்பாதை

தலைநகரில் குடியேறிய தமிழ்க் குடும்பங்களுக்குக் கோடை விடுமுறை என்றாலே கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸும் தமிழ்நாடு எக்ஸ்பிரஸும்தான் நினைவுக்கு வரும். பெட்டி படுக்கையுடனும் புளியோதரைப் பொட்டலத்துடனும் ஏறி அமர்ந்து, ஆக்ராவைக் கடந்து, சம்பல் ஆற்றின் மண்மேடுகளையும் தாண்டினால் குவாலியர் நிலையம் வரும். அங்கே, நிலையத்தின் ஓரத்தில், நம்முடைய வண்டியின் கம்பீரத்துக்கு முன்னால் கூச்சப்பட்டு ஒதுங்கி நிற்பது போல ஒரு சிறு இரயில் நின்றுகொண்டிருக்கும். உள்ளே இடமில்லாமல் கூரைமீதும் மனிதர்கள் அமர்ந்திருப்பார்கள். என் மகள் முதன்முதலாக அதைக் கண்டபோது, “அப்பா, அந்த இரயில் ஏன் வளரவே இல்லை?” என்று கேட்டாள். அப்போது எனக்கு விடை தெரியவில்லை. விடையைத் தேடப் புகுந்ததன் பயனே இக்கட்டுரை.

குவாலியரிலிருந்து ஷியோப்பூர் வரை ஏறத்தாழ 200 கிலோமீட்டர் ஓடிய அந்தப் பாதையின் அகலம் இரண்டே அடி. 2020ஆம் ஆண்டில் அதன் ஓட்டம் நின்றது. அகலப்பாதையாக மாற்றும் பொருட்டுத் தண்டவாளங்கள் பெயர்க்கப்பட்டன. 1992ஆம் ஆண்டில் ஒரே அகலப் பாதைத் திட்டம் தொடங்கியதிலிருந்து நாட்டின் குறும்பாதைகள் ஒவ்வொன்றாக மறைந்து வந்துள்ளன. பெரும்பாலும் மலையேறும் சில பாதைகளே எஞ்சியுள்ளன. ஊர் மக்களுக்கு அகலப்பாதை தேவை என்பதை மறுப்பதற்கில்லை. கூரைமீது அமர்ந்து பயணம் செய்தவனிடம் போய்ப் பழமையின் அழகைப் பேச எனக்குத் துணிவில்லை. ஆயினும் ஒன்று மறையும்போது அதன் அளவையாவது எழுதி வைத்துக்கொள்ள வேண்டாமா? அவ்வாறு அளவெடுத்து வைக்கும் வேலையை உலகெங்கும் பெரும்பாலும் செய்து வருபவர்கள் வரலாற்றுப் பேராசிரியர்கள் அல்லர். சாப்பாட்டு மேசைமீது சிறு இரயில் எஞ்சின்களைச் செய்து மகிழும் சாதாரண மனிதர்கள். பித்தளைத் தகட்டிலும் அட்டையிலும் விரல் நீளத்துக்குக் குறும்பாதை எஞ்சின்களைச் செய்யும் அந்தக் கலையின் வரலாற்றைத்தான் இங்கே சொல்ல விரும்புகிறேன்.

குவாலியரையே முதலில் எடுத்துக்கொள்ளலாம். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் தம் நாட்டில் இரண்டடிப் பாதைகளை அமைத்தவர் மகாராஜா மாதவராவ் சிந்தியா. அவருக்கு இரயில் என்றால் தீராத ஆசை. ஜெய்விலாஸ் அரண்மனையின் விருந்து மேசைமீது வெள்ளியில் செய்த ஒரு சிறு இரயில் ஓடி, விருந்தினர்களுக்கு மதுவும் சுருட்டும் கொண்டுவந்து கொடுக்கும். இன்றும் அந்த அரண்மனைக் காட்சிசாலைக்குச் செல்வோர் அதனைக் காணலாம். வெளியே உழவர்களை ஏற்றிச் சென்ற சிறு இரயில் போய்விட்டது. உள்ளே சுருட்டு ஏற்றிச் சென்ற சிறு இரயில் பத்திரமாக இருக்கிறது. ஆனால் அந்த வெள்ளி இரயிலைப் பார்த்து வெளியே ஓடிய வண்டி எப்படி இருந்தது என்று ஒருவரும் அறிந்துகொள்ள முடியாது. அது வெறும் அலங்காரம். நான் சொல்ல வந்த கலை வேறு.

அந்தக் கலையை விளங்கிக்கொள்ளப் பெரிய குறும்பாதையின் பிறப்பைச் சற்றே அறிய வேண்டும். வேல்ஸ் நாட்டின் மலைகளில் கூரை வேயும் கற்பலகைகளை வெட்டியெடுத்துத் துறைமுகத்துக்குக் கொண்டுசெல்ல 1836ஆம் ஆண்டில் பெஸ்டினியாக் இருப்புப்பாதை திறக்கப்பட்டது. அகலம் 1 அடி 11½ அங்குலம். பாரமேற்றிய பெட்டிகள் சரிவில் தாமே உருண்டு இறங்கும். வெற்றுப் பெட்டிகளைக் குதிரைகள் மேலே இழுத்து வரும். இத்தனை குறுகிய பாதையில் நீராவி எஞ்சின் ஓட இயலாது என்பது அக்காலத்து வல்லுநர் பலரின் கருத்து. 1863ஆம் ஆண்டில் லண்டனைச் சேர்ந்த ஜார்ஜ் இங்கிலாந்து நிறுவனம் (இங்கிலாந்து என்பது இங்கே ஓர் ஆளின் பெயர்) செய்து கொடுத்த சிறு எஞ்சின்கள் அக்கருத்தைப் பொய்யாக்கின. 1869ஆம் ஆண்டில் பேர்லி என்பவரின் முறைப்படி இருபுறமும் முகமுள்ள ‘லிட்டில் வொண்டர்’ எஞ்சின் அங்கே ஓடியது. அடுத்த ஆண்டு நடந்த சோதனை ஓட்டங்களைக் காண இரஷ்யா உட்படப் பல நாடுகளின் பொறியாளர்கள் வந்து போயினர். மலைநாட்டுக்கும் ஏழை நாட்டுக்கும் ஏற்றது குறும்பாதை என்ற எண்ணம் அதன்பின் உலகெங்கும் பரவிற்று.

நம் நாட்டில் அதற்குத் தலைசிறந்த சான்று டார்ஜிலிங் பாதை. சிலிகுரியில் விற்ற அரிசி மாட்டு வண்டியில் மலையேறி டார்ஜிலிங் சேர்வதற்குள் விலை இரண்டு மடங்குக்கு மேல் ஏறிவிடுவதைக் கண்ட பிராங்க்ளின் பிரஸ்டேஜ், முன்பே இருந்த வண்டிச் சாலையின் ஓரத்திலேயே இரண்டடித் தண்டவாளம் பதிக்கலாம் என்று அரசுக்கு எழுதினார். 1879இல் தொடங்கிய வேலை 1881இல் முடிந்தது. குகைப்பாதை ஒன்றும் இல்லை, பற்சக்கரமும் இல்லை. வண்டி தன்னைத்தானே சுற்றி வளைந்தும், முன்னும் பின்னுமாக ஏறியும் 2,258 மீட்டர் உயரத்திலுள்ள கும் நிலையத்தை அடைகிறது. அந்த ஏற்றத்துக்கென்று 1889இல் உருவானதே ‘பி’ வகை எஞ்சின். நான்கே சக்கரங்கள், ஒவ்வொன்றின் விட்டமும் 26 அங்குலம். கொதிகலத்தின் முதுகில் சேணம்போலப் படிந்த தண்ணீர்த் தொட்டி. இவ்வகையில் மொத்தம் 34 எஞ்சின்கள், முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக, ஸ்காட்லாந்திலும் அமெரிக்காவின் பால்ட்வின் தொழிற்சாலையிலும் செய்யப்பட்டன. மூன்று எஞ்சின்கள் மலைப்பாதையின் நடுவிலுள்ள திந்தாரியா பணிமனையிலேயே உருவாயின. பிற்காலப் பழுதுபார்ப்புகளில் ஒன்றின் உறுப்பு மற்றொன்றுக்கும் போயிற்று. ஆகவே ‘பி’ வகை என்று ஒரு பெயர் சொன்னாலும், ஒன்றைப் போல மற்றொன்று இராது. இந்தச் செய்தி மாதிரி செய்பவனுக்கு எவ்வளவு பெரிய தலைவலி என்பதைப் பின்னர்ச் சொல்கிறேன்.

இனி மாதிரி இரயிலின் கதைக்கு வருவோம். 1891ஆம் ஆண்டில் ஜெர்மனியின் லைப்சிக் சந்தையில் மார்க்லின் நிறுவனம் எண்ணிட்ட பாதை அகலங்களுடன் பொம்மை இரயில்களை விற்பனைக்கு வைத்தது. அதுவரை ஒருவர் வாங்கிய தண்டவாளத்தில் மற்றொருவர் செய்த வண்டி ஓடாது. எண் வந்தபின் ஓர் ஒழுங்கு பிறந்தது. பிறகு வந்த ‘சுழி’ அகலம் 32 மில்லிமீட்டர். அதில் ஏறத்தாழப் பாதியானது 16.5 மில்லிமீட்டர். ‘எச்-சுழி’ என்னும் பெயரே ‘அரைச் சுழி’ என்பதன் சுருக்கம்தான். இங்கிலாந்தில் மட்டும் ஒரு கோணல் நேர்ந்தது. அந்நாட்டு எஞ்சின்கள் உருவத்தில் சிறியவை. அக்காலத்து மின்மோட்டாரோ பெரியது. எஞ்சினின் வயிற்றுக்குள் மோட்டார் நுழையவில்லை. என்ன செய்தார்கள்? தண்டவாளத்தை அப்படியே வைத்துக்கொண்டு எஞ்சினின் உடலை மட்டும் சற்றுப் பெருக்கிவிட்டார்கள். ஓர் அடிக்கு 4 மில்லிமீட்டர் என்று கணக்கு வகுத்தார்கள். அந்தக் கணக்கின்படி 16.5 மில்லிமீட்டர் என்பது 4 அடி 1½ அங்குலம். உண்மையான பாதையோ 4 அடி 8½ அங்குலம். ஏழு அங்குலப் பொய்யின்மீது ஒரு தேசத்தின் சிறு இரயில்களெல்லாம் இன்றும் ஓடிக்கொண்டிருக்கின்றன!

ஆனால் இப்படித் தண்டவாளம் ஒரு கணக்கிலும் வண்டி மற்றொரு கணக்கிலும் இருக்கலாம் என்ற எண்ணமே பிற்பாடு குறும்பாதை மாதிரிக்கு வழி திறந்தது. 1960களின் தொடக்கத்தில் நூரன்பர்க் நகரத்து ஆர்னால்ட் நிறுவனம் 9 மில்லிமீட்டர் அகலத்தில், அசலைவிட 160 மடங்கு சிறிதாக, ஒரு புதிய இரயிலைக் கொண்டுவந்தது. ஒன்பது என்னும் எண்ணுக்குரிய சொல் ஐரோப்பிய மொழிகள் பலவற்றில் ‘என்’ என்ற எழுத்தில் தொடங்குவதால் அதற்கு ‘என்’ அகலம் என்றே பெயர் அமைந்தது. சிறிய வீட்டிலும் நீண்ட அகலப்பாதை வண்டி விடலாம் என்பதற்காகப் பிறந்தது அது. ஆனால் வேறு சிலருக்கு வேறொன்று தோன்றிற்று. இதே 9 மில்லிமீட்டர்த் தண்டவாளத்தையும் மோட்டாரையும் எடுத்துக்கொண்டு, அதன்மேல் 4 மில்லிமீட்டர்க் கணக்கில் ஒரு பெரிய உடலை ஏற்றினால் என்ன? ஒன்பதை நான்கால் வகுத்துப் பாருங்கள்: 2 அடி 3 அங்குலம்! குறும்பாதை தானே வந்து நிற்கிறது. ஐரோப்பியக் கணக்கான 87 மடங்கில் பார்த்தால் அதே 9 மில்லிமீட்டர் 783 மில்லிமீட்டர் ஆகும். ஆஸ்திரியாவின் 760 மில்லிமீட்டர் மலைப்பாதைகளுக்கு அது கிட்டத்தட்டப் பொருந்தும். 1960களின் நடுவில் மியூனிச் நகரத்து எகர் என்னும் சிறு நிறுவனம் இக்கணக்கில் வயல்வெளி எஞ்சின்களைச் செய்து விற்றது. அந்நிறுவனம் சில ஆண்டுகளே நிலைத்தது; விதை மட்டும் விழுந்துவிட்டது. பிரிட்டனில் எடின்பரோ நகரத்து ஹான்காக் போன்றோர் அதற்கு முன்பே கற்பனைக் குறும்பாதைகளை வீட்டு அறைக்குள் அமைத்துப் பத்திரிகைகளில் எழுதி வந்தனர். 1973இல் இதற்கென்று ஒரு சங்கமே அங்குத் தோன்றியது.

சரியாக 2 அடி 3 அங்குலம் கொண்ட பாதைகள் உலகில் மிகச் சில. அவற்றுள் ஒன்று வேல்ஸின் டாலிலின் பாதை. 1951இல் ஊதியமற்ற தொண்டர்கள் ஏற்று நடத்திய உலகின் முதல் இருப்புப்பாதை அதுவே. அதனைச் செய்வோருக்குக் கணக்கு முழுதும் உண்மை. டார்ஜிலிங்கையோ குவாலியரையோ செய்ய முயலும் நம்மைப் போன்றோருக்கு 3 அங்குலம் பொய். இரண்டடிக்கு 8 மில்லிமீட்டர்தான் வேண்டும், அகப்படுவதோ 9. அந்த ஒரு மில்லிமீட்டரைத் திருத்த வேண்டுமானால் தண்டவாளம், சக்கரம், அச்சு அனைத்தையும் கையாலேயே செய்தாக வேண்டும். செய்தவர்கள் இருக்கிறார்கள், அவர்களை வணங்கிவிட்டு நான் 9 மில்லிமீட்டரோடு அமைந்தேன்.

ஆம், நானும் ஒன்று செய்தேன். மைய அரசு அலுவலகத்தில் கோப்புகளுக்கு இடையே நாள் கழிக்கும் ஒருவனுக்கு மாலை ஏழு மணிக்குமேல் கையால் ஏதேனும் செய்ய வேண்டும் என்று தோன்றுவது இயல்பே. சாணக்கியபுரியில் 1977ஆம் ஆண்டு திறக்கப்பட்ட தேசிய இரயில் அருங்காட்சியகத்தில் டார்ஜிலிங் ‘பி’ வகையின் 777ஆம் எண் எஞ்சின் நிற்கிறது. பல ஞாயிற்றுக்கிழமைகளில் குழந்தைகளை அங்கே அழைத்துச் சென்றிருக்கிறேன். அவர்கள் சுற்றிவரும் சிறு வண்டியில் ஏறிக்கொள்வார்கள். நான் 777இன் அருகில் ஒரு பள்ளிக்கூட நோட்டுடன் நின்றுவிடுவேன். காவலர் ஒருவர் முதலில் ஐயத்துடன் பார்த்தார். பிறகு நான் விட்டுவிட்ட மறுபக்கத்துக் குழாயை அவரே சுட்டிக்காட்டினார்.

சிங்கப்பூரிலிருந்து வந்த மைத்துனர் ஜப்பானியச் செய்முறையிலான 9 மில்லிமீட்டர் மோட்டார் அடிச்சட்டம் ஒன்றை வாங்கி வந்தார். மற்றவை உள்ளூர்ச் சரக்கு. கால் மில்லிமீட்டர்ப் பித்தளைத் தகடு சாவ்டி பஜாரில் கிடைத்தது. பற்றவைக்கும் கோல் லாஜ்பத்ராய் மார்க்கெட்டில் வாங்கியது. வண்டி ஓட்டுநரின் கூண்டுக்குக் கெட்டியான திருமண அழைப்பிதழைப் போன்ற அட்டை வேறில்லை. சங்கத்து நண்பர் இல்லத் திருமணங்கள் நான்கு என் எஞ்சினுக்குள் இருக்கின்றன. புகைபோக்கி ஒரு பழைய பேனாவின் பித்தளை ரீபில். கைப்பிடிக் கம்பி, மகளின் வீணையில் அறுந்த தந்தி. நீராவிக் குமிழுக்கு என்ன செய்வது என்று இரண்டு வாரம் திகைத்தேன்; இல்லாளின் ஒற்றை ஜிமிக்கி ஒன்று, இணையைத் தொலைத்துவிட்டுப் பெட்டியில் கிடந்தது, கைகொடுத்தது. இணை என்றாவது கிடைத்தால் எஞ்சினைப் பிரித்துக் கொடுப்பதாக வாக்களித்திருக்கிறேன்.

வடிவம் எளிது, நுணுக்கமே கடினம். தகடுகளை இணைக்கும் ஆணித்தலைகளை எடுத்துக்கொள்வோம். உண்மை எஞ்சினில் ஓர் அங்குல அகலமுள்ள ஆணித்தலை, இக்கணக்கில் ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு. மெல்லிய தகட்டின் பின்புறம் காம்பஸ் முள்ளால் அழுத்தினால் முன்புறம் ஒரு கொப்புளம் எழும். அளவுகோலை வைத்து ஒரே இடைவெளியில், ஒரே அழுத்தத்தில், வரிசையாக அழுத்திச் செல்ல வேண்டும். ஒன்று பிசகினால் முழுத் தகடும் வீண். வெளிநாடுகளில் இதற்கெனச் சிறு எந்திரங்கள் உண்டு. அமிலத்தால் அரித்தெடுத்த தகடுகளும் ஆயத்தமாகக் கிடைக்கின்றன. அண்மைக் காலத்தில் கணினியில் வரைந்து பிசினால் வார்த்தெடுக்கவும் செய்கிறார்கள். எனக்குக் காம்பஸ் முள்தான்.

ஆணித்தலைகளை எண்ணும்போதுதான் முன்சொன்ன தலைவலி தொடங்கியது. நூல்களிலும் படங்களிலும் ‘பி’ வகை எஞ்சின்கள் பல கிடைக்கும். ஒரு படத்தில் கூரை ஒரு விதம். மற்றொன்றில் வேறு விதம். விளக்கின் இடம் மாறுகிறது. தொட்டியின் ஓரம் மாறுகிறது. எது சரி? எல்லாம் சரியே, அந்தந்த ஆண்டுக்குச் சரி. ஆகவே, மாதிரி செய்பவன் முதலில் தீர்மானிக்க வேண்டியது எந்த எஞ்சின் என்பதை மட்டுமன்று. எந்த ஆண்டின் எஞ்சின் என்பதையும்தான். எழுதும் வரலாற்றாசிரியன் ‘பிற்காலத்தில் சில மாற்றங்கள் செய்யப்பட்டன’ என்று ஒரே வாக்கியத்தில் கடந்து போய்விடலாம். பித்தளையில் செய்பவனுக்கு அந்த வசதி கிடையாது. விளக்கை எங்கேனும் ஓர் இடத்தில் பற்றவைத்தே தீர வேண்டும்.

வண்டி ஓடத் தொடங்கியதும் சக்கரம் வழுக்கியது. அட்டையும் தகடுமான உடலுக்குக் கனம் போதவில்லை. முதுகுத் தொட்டிக்குள் ஈயத் தகட்டைச் சுருட்டித் திணித்தேன், பிறகு பிடித்துக்கொண்டது. அசல் எஞ்சினும் இதே நோய்க்காரன்தான். டார்ஜிலிங் ஏற்றத்தில் அது வழுக்கும்போது முன்புறப் பலகையில் இருவர் அமர்ந்து, ஈரத் தண்டவாளத்தின்மீது கைகளால் மணல் தூவிக்கொண்டே செல்வார்கள். அவர்களைச் செய்யாமல் ‘பி’ வகையைச் செய்தேன் என்று எவரும் சொல்லிக்கொள்ளக் கூடாது என்பது என் கட்சி. கட்டை விரல் நகத்தைவிடச் சற்றே உயரமான இரு மனிதர்களை மெழுகில் செய்து வைத்தேன். டெல்லிக் கோடையில் ஒருவர் சாய்ந்துவிட்டார். மறுமுறை தீக்குச்சியில் செதுக்கினேன்.

இத்தகைய வேலையைக் குழந்தை விளையாட்டு என்போருக்கு மற்றோர் எஞ்சினின் கதையைச் சொல்ல வேண்டும். முதல் உலகப் போரில் பிரான்சு நாட்டுப் பதுங்குகுழிகளுக்கு வெடிபொருளும் உணவும் கொண்டுசெல்ல 60 சென்டிமீட்டர் அகலத்தில் தற்காலிகப் பாதைகள் இடப்பட்டன. அவற்றுக்காக அமெரிக்காவின் பிலடெல்பியா நகரத்துப் பால்ட்வின் தொழிற்சாலை 1916, 1917ஆம் ஆண்டுகளில் பிரிட்டிஷ் படைக்கு 495 எஞ்சின்களைச் செய்து அனுப்பியது. முன்னால் நான்கு சிறு சக்கரங்கள், நடுவே ஆறு, இருபக்கமும் தண்ணீர்த் தொட்டி. சற்றே தலைகனத்துக் கவிழக் கூடியவை என்ற பெயரும் வாங்கியவை. போர் முடிந்ததும் அவை பழைய சாமான்களாயின. அவற்றுள் சில இந்தியாவுக்கு வந்தன. டெல்லியிலிருந்து முசாபர்நகர் போகும் வழியிலுள்ள கத்தௌலியின் சர்க்கரை ஆலையில் சில எஞ்சின்கள் பல்லாண்டுகள் கரும்பு இழுத்தன. 1980களில் ஆர்வலர்கள் அவற்றை பிரிட்டனுக்குக் கொண்டு சென்று பழுதுபார்க்கத் தொடங்கினர். 2010களின் பிற்பகுதியில் பாக்மன் நிறுவனம் அதே வகையை 9 மில்லிமீட்டர்ப் பாதைக்கான ஆயத்த மாதிரியாகவே வெளியிட்டது.

பிலடெல்பியாவில் பிறந்து, பிரான்சின் சேற்றில் குண்டு சுமந்து, நம் வீட்டுக் காப்பிக்குச் சர்க்கரை தந்த கரும்பை இழுத்து, மறுபடி கடல் கடந்த எஞ்சின் அது. கடையில் வாங்கும் மாதிரி பெரும்பாலும் போர்க்கோலத்திலோ பிரிட்டிஷ் கோலத்திலோ இருக்கும். கத்தௌலிக் கோலத்தில் வேண்டுமானால்? ஆலையில் அதற்கு எந்த வண்ணம்? யார் வைத்த கூரை? எத்தனாம் எண், எந்த மொழியில் எழுதியது? ஆலையிலேயே அதனை ஓட்டியவரும் பழுதுபார்த்தவரும் மட்டும் சொல்லக்கூடிய செய்திகள் இவை. 1985ஐ ஒட்டி அந்த எஞ்சினை ஓட்டியவர் இளைஞராக இருந்திருந்தால் இன்றும் உயிரோடு இருக்கக்கூடும். போரின் மூன்று ஆண்டுகளைப் பற்றி அலமாரி நிறைய நூல்கள் உள்ளன. கரும்பின் அறுபது ஆண்டுகளைப் பற்றிப் படங்கள் சிலவே கிடைக்கின்றன. இந்த ஏற்றத்தாழ்வு எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது.

சென்ற ஆண்டு மார்கழியில் என் சித்தப்பா டெல்லிக்கு வந்திருந்தார். திருச்சிப் பொன்மலைப் பணிமனையில் பிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். 1928இல் திறக்கப்பட்ட அப்பணிமனை மீட்டர் கேஜ் நீராவி எஞ்சின்களின் மருத்துவமனை என்பதை நம்மவர் அறிவர். நீலகிரி மலைப்பாதைக்கான புதிய நீராவி எஞ்சின்களை 2010களிலும் அங்கே செய்திருக்கிறார்கள் என்பது அறிவோர் சிலரே. கம்பளி மப்ளருக்குள் ஒடுங்கியிருந்த சித்தப்பாவிடம் என் 777ஐ மிகுந்த பெருமையுடன் நீட்டினேன். மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, வலப்பக்கம் பார்த்தார். திருப்பி இடப்பக்கம் பார்த்தார். ஆணித்தலைகளைப் பற்றி ஒரு சொல் இல்லை.

“ரெண்டு பக்கமும் ராடு ஒரே மாதிரி நிக்குதேப்பா. இந்த வண்டி ஒருநாள் ஸ்டேஷன்லேயே நின்னுடும், கிளம்பாது.”

விளங்கவில்லை என்றேன். விளக்கினார். பிஸ்டன் தன் ஓட்டத்தின் முனைக்கு வந்து நிற்கும் இடத்தில் எவ்வளவு நீராவி அழுத்தினாலும் சக்கரம் சுழலாது. தள்ளும் விசை நேரே அச்சின் நடுவில் போய் முட்டும். இரு பக்கமும் ஒரே நேரத்தில் அந்த நிலைக்கு வந்துவிட்டால் எஞ்சின் அசையாது. அதனால்தான் ஒரு பக்கத்துச் சக்கரத்தின் முளையை மறுபக்கத்து முளைக்குக் கால் சுற்று விலக்கி வைப்பார்கள். ஒன்று முனையில் தவிக்கும்போது மற்றொன்று முழு வலுவோடு தள்ளும். என் மாதிரியில் மோட்டார்தான் சக்கரத்தைச் சுழற்றுகிறது. பக்கத் தண்டுகள் நான் அழகுக்காக முளையடித்துப் பொருத்தியவை. ஆகவே அது ஓடும். ஆனால் பொய்யாக ஓடும். எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகள் 777இன் இடப்பக்கத்தை ஒரு பக்கத்தாளிலும் வலப்பக்கத்தை மற்றொரு தாளிலும் வரைந்தேன்; இரண்டையும் சேர்த்து வைத்து ஒருமுறையும் பார்க்கவில்லை. அன்றிரவே ஒரு பக்கத்து முளைகளைப் பிடுங்கிக் கால் சுற்றுத் தள்ளி அடித்தேன். சித்தப்பா தூங்காமல் உடன் அமர்ந்திருந்தார்.

அந்த இரவில்தான் அடுத்த வேலையும் முடிவாயிற்று. மார்க்லின் நிறுவனம் 1972இல் கொண்டுவந்த 6.5 மில்லிமீட்டர்த் தண்டவாளம் ஒன்று உண்டு. அதன்மேல் 160 மடங்குக் கணக்கில் உடல் ஏற்றினால் பாதை 1,040 மில்லிமீட்டர் ஆகிறது. நம் மீட்டர் கேஜ்! எழும்பூரிலிருந்து இராமேசுவரம் வரை நம் பெற்றோரைச் சுமந்து சென்ற பாதை. குறும்பாதை என்னும் பெயரை இந்திய இரயில்வே அதற்குக் கொடுக்கவில்லை. உலக வழக்கில் அதுவும் குறும்பாதையே. 3 அங்குலப் பொய்க்குப் பதிலாக இங்கே ஒன்றரை அங்குலப் பொய்தான். ‘ஒய்.பி.’ வகை எஞ்சினின் பெரிய சக்கரம் 1,372 மில்லிமீட்டர். அதை 160ஆல் வகுத்தால் 8.6 மில்லிமீட்டர். டார்ஜிலிங்கின் 26 அங்குலச் சக்கரமும் என் கணக்கில் 8.7 மில்லிமீட்டர்தான். மலைக்குள்ளனின் சக்கரமும் சமவெளி நெடியவனின் சக்கரமும் என் மேசையில் ஏறக்குறைய ஒன்றாகிவிட்டன.

சித்தப்பா ஊர் திரும்பியபின் ‘ஒய்.பி.’ எஞ்சினின் கூண்டைப் பற்றிக் கேள்விகள் எழுதி அனுப்பினேன். தொலைபேசியில் கேட்கலாம், ஆனால் அவர் பென்சிலும் தாளும் இருந்தால்தான் அளவு நினைவுக்கு வரும் என்கிறார். முதல் கடிதத்தில் கூண்டுப் படிகளின் படம் வந்தது. ஒவ்வொரு படிக்கும் நடுவில் உள்ள தூரத்தைத் தம் காலை வைத்து நினைவுகூர்ந்து எழுதியிருந்தார். இரண்டாம் கடிதத்தில் நீர்மட்டக் கண்ணாடியும் அதன் திருகுகளும். தண்ணீர் ஊட்டும் குழாய் கொதிகலத்தில் எந்த இடத்தில் நுழைகிறது என்ற கேள்விக்கு மட்டும் ஒரு கோடிட்டு, அது தம் செக்‌ஷன் வேலையன்று, பக்கத்து ஷாப்பில் இருந்தவருக்குத்தான் தெரியும், அவர் சென்ற தையில் காலமாகிவிட்டார், அவர் மகனிடம் பழைய நோட்டு ஏதேனும் இருக்கிறதா என்று கேட்டுப் பார்க்கிறேன் என்று எழுதியிருக்கிறார். பதிலுக்குக் காத்திருக்கிறேன். கூண்டும் படிகளும் முடிந்துவிட்டன. கொதிகலத்தில் துளையிடாமல் வைத்திருக்கிறேன்.